1208-ஆம் தகட்டில் இருந்த கை

என் மேசை இழுப்பறையில் ஒரு செம்புத் தகடு இருக்கிறது. எட்டு சென்டிமீட்டர் நீளம், ஏழு சென்டிமீட்டர் அகலம். ஒரு பக்கம் மட்டும் வெள்ளி பூசியது. அந்த வெள்ளியின் நடுவில், கட்டைவிரல் பதியும் அளவுக்கு வெள்ளி தேய்ந்து, அடியில் இருக்கும் செம்பு இளஞ்சிவப்பாகத் தெரிகிறது. பின்பக்கம், செம்பில், நான் எஃகு ஊசியால் கீறிய எண்: 1209. வேறு எதுவும் அதில் இல்லை. ஒரு காலத்தில் ஒரு முகம் இருந்தது.

இந்தத் தகடு அன்செல்ம் கூத்ரியுடையது. அவருக்குப் பிள்ளைகள் இல்லை. அவரைப் பற்றி எழுதக்கூடியவர்களில் இப்போது நான் மட்டுமே மிச்சம். தேதிகள் எல்லாம் என்னிடம் இருப்பதால் அந்த வேலை எனக்குச் சிரமமும் இல்லை.

1843 முதல் 1861 வரை மொஸ்யு ரவினெலின் படச்சாலையில், சூரிய வெளிச்சத்தால் வெள்ளித் தகட்டில் முகம் எடுக்கும் இடத்தில், நான் பதிவேடு எழுதினேன். பாலே ரோயால் அரண்மனைக்குப் பின்னால், ஐந்தாம் மாடி, கண்ணாடிக் கூரை. புதுத் தகடு வந்ததும் பின்புறச் செம்பில் எண் கீறுவது என் முதல் வேலை. பிறகு பதிவேட்டில் அந்த எண்ணுக்கு எதிரே எழுதுவேன்: என்று மெருகு போட்டது, யார் போட்டது, யாருடைய உருவம், படம் சரியா, கெட்டதா. கெட்டது என்றால் காரணம். கெட்ட தகட்டைத் தூக்கி எறிவது கிடையாது. உருவத்தைத் தேய்த்து அழித்துவிட்டு, மறுபடி கண்ணாடி போல மெருகேற்றி, அடுத்தவருக்கு எடுப்போம். சில தகடுகள் மூன்று நான்கு முகங்களைப் பார்த்த பிறகுதான் வீட்டுக்குப் போகும். படத்தை வாங்கிப் போகிறவருக்கு அது தெரியாது. தன் கொள்ளுப்பேரனுக்கென்று ஒருவர் வாங்கிப் போன படத்தின் அடியில், முந்தின வாரம் தும்மிவிட்ட ஒரு தபால் அதிகாரி இருந்திருக்கலாம். முகம் வெள்ளியில், எண் செம்பில். வெள்ளியை அழிக்கலாம். செம்பில் கீறியதை அழிக்க யாரும் என்னிடம் வந்ததில்லை.

அந்தத் தகடுகளைத் தேய்த்தவர் அன்செல்ம். குள்ளம், அகன்ற மார்பு. வருடக்கணக்காகத் தேய்த்ததில் வலது தோள் இடதைவிட ஒரு விரற்கடை உயரம். எங்களிடம் வருவதற்கு முன் ஓவியர்களுக்குச் செம்புத் தகடு தயார் செய்துகொண்டிருந்தார். ரவினெலும் முன்பு ஓவியர்தான், அவருடைய அப்பாவும் ஓவியர். படச்சாலை வாசலில் ஆன்ட்வெர்ப்பிலிருந்து வந்த ஒரு சின்ன தேவதூதன் படம் தொங்கும். செம்பின்மேல் தீட்டியது, இருநூறு வயது, ஒரு கீறல் கிடையாது. துணியில் வரைந்திருந்தால் இதற்குள் பொரிந்திருக்கும் என்று வருகிறவர்களிடமெல்லாம் ரவினெல் சொல்வார். எங்களிடம் வந்த பிறகும் அன்செல்ம் வாரத்தில் ஒரு நாள் பழைய ஓவியர்கள் சிலருக்குத் தகடு தேய்த்துக் கொடுத்தார். வண்ணம் பிடிக்க வேண்டும் என்பதற்காக அந்தச் செம்பை லேசாகச் சொரசொரப்பாக்கி, பச்சைப் பூண்டை வெட்டி அதன் முகத்தில் தேய்ப்பார். எங்கள் தகட்டுக்குப் பூண்டு ஆகாது. வெள்ளியில் ஒரு மூச்சு பட்டால்கூடப் படம் கெடும்.

"ஓவியனுக்குச் செம்பு கொஞ்சம் முரண்டு பண்ணணும். சூரியனுக்கு அது தண்ணி மாதிரி இருக்கணும்" என்பார் அன்செல்ம்.

அவருடைய மனைவி ஸெலி பக்கத்துத் தெருவில் கையுறை தைத்தாள். மதியம் சூப்புத் தூக்கோடு ஐந்து மாடி ஏறி வருவாள். வந்ததும் புருஷனின் கையைப் பிடித்து மோந்து பார்ப்பாள்.

"இன்னிக்குப் பூண்டு. அப்ப ஓவியன். பக்கத்துல வராத."

"நேத்திக்கு சூரியனுக்குத்தான் தேய்ச்சேன். நேத்து மட்டும் வந்தியாக்கும்?"

"நேத்து உன் கையில வாசனையே இல்ல. யார் கையோன்னு நெனச்சுட்டேன்."

அவளுடைய இடது ஆள்காட்டி விரல் நுனியில் கொஞ்சம் உள்நோக்கி வளைந்திருக்கும். பதினாறு வயதில் ஒரு தோல் ஊசி அதற்குள் உடைந்துபோனதாம். என்னை அவள் 'எண்ணுக்காரரே' என்று கூப்பிடுவாள். பிறகு படச்சாலையில் எல்லாரும் அப்படியே கூப்பிட்டார்கள்.

அன்செல்ம் தேய்க்கும்போது யாரும் அவரிடம் பேசக் கூடாது. எண்ணுவார். நீளவாக்கில் நூறு, குறுக்கே நூறு, பொடியை மாற்றி மறுபடி நூறு, கடைசியில் மான்தோல் கட்டையால் இருநூறு. உதடு மட்டும் அசையும். எண்ணிக்கை தவறினால் முதலிலிருந்து தொடங்குவார். காரணம் உண்டு. அரைகுறையாகத் தேய்த்த தகட்டில் புதுப்படம் எடுத்து, பாதரசப் புகையில் காட்டும்போது, புது முகத்தோடு சேர்ந்து பழைய முகமும் லேசாகக் கிளம்பிவிடும். அதைத் தொழிலில் 'திரும்பி வந்தவர்' என்று சொல்வோம். எதிர்த்தெருப் படச்சாலையில் இரண்டு மூக்கு உள்ள தளபதியைப் பார்த்திருக்கிறேன். இன்னொரு இடத்தில் ஒரு கன்னியாஸ்திரியின் தலையில் யாரோ ஒருவரின் தொப்பி. தேய்ப்பவருக்கு அதைவிட அவமானம் கிடையாது. அன்செல்மின் தகடுகளில் யாரும் திரும்பி வந்ததில்லை என்பது அவர் பெருமை. ஞாயிறு பூசைக்குப் போகிறவர் இல்லை. ஆனால் அதை மட்டும் கையைத் தூக்கிச் சத்தியம் செய்வார்.

1845 மார்ச் 11, செவ்வாய். வெயில் நன்றாக இருந்தது. பதினொரு மணிக்கு வரவேண்டிய ஒரு நோட்டரி வரவில்லை. தகடு தயாராக இருந்தது, வீணாகப் போகும். அந்த நேரம் பார்த்து ஸெலி சூப்போடு வந்தாள். ரவினெல் அவளைப் பிடித்து நாற்காலியில் உட்கார வைத்துவிட்டார்.

"தலையை ஆட்டாதீங்க மதாம். இருபது எண்ற வரைக்கும்."

"எண்றது எங்க வீட்டுல ஒருத்தருக்குத்தான் வரும், மொஸ்யு."

சால்வையை மார்புக்கு மேல் இடது கையால் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தாள். படம் பிடிக்கும் பெட்டியின் மூடியைத் திறந்தார்கள். பெட்டிக்குப் பின்னால் அன்செல்ம் காவல் நிற்கிறவர் மாதிரி விறைத்து நின்றார். பழக்க தோஷத்தில் உதடு அசைந்தது, அவரும் எண்ணிக்கொண்டிருந்தார். பதின்மூன்றிலோ பதினான்கிலோ ஸெலி அதைப் பார்த்துவிட்டாள். சிரித்துவிட்டாள்.

தகட்டில் முகம் இருக்கவேண்டிய இடத்தில் ஒரு வெள்ளைப் புகை வந்தது. கை மட்டும் ஊசி முனை போலத் துல்லியம். அது 1208. பதிவேட்டில் 'கெட்டது: அசைந்தார்' என்று எழுதி, தேய்ப்புப் பெட்டியில் போட்டேன். அடுத்த தகடு 1209. அதில் அவள் அசையவில்லை. அந்தப் படத்தை ரவினெல் அவர்களுக்கே கொடுத்துவிட்டார்.

அதே ஆண்டு செப்டம்பர் 16-இல் மெலன் ஊரிலிருந்து ஒரு கடிதம் வந்தது. எழுதியவர் வெர்னே, கத்தி செய்பவர். ஏப்ரலில் எங்களிடம் படம் எடுத்துப் போனவர். படத்தை ஒரு கோணத்தில் சாய்த்தால் தன் தோளின்மேல் ஒரு கை தெரிகிறது, அது தன்னுடையது அல்ல, ஆகவே விளக்கம் தேவை என்று எழுதியிருந்தார். நான் அதை எல்லார் முன்பும் படித்தது தவறு.

"அவர் பொண்டாட்டி கையா இருக்கும்" என்றார் ரவினெல்.

"பொண்டாட்டிதான் எழுதச் சொன்னாங்களாம், மொஸ்யு."

எல்லாரும் சிரித்தார்கள். அன்செல்ம் மட்டும் சிரிக்கவில்லை. முகம் காய்ச்சிய செம்பு மாதிரி ஆனது.

"பாதரசக் கறையா இருக்கும். எங்கிட்டேர்ந்து யாரும் திரும்பி வந்தது கிடையாது. எழுதாதீங்க."

"குறைன்னு வந்தா எழுதணும், அன்செல்ம்."

"அப்ப நான் மறுக்கறேன்னும் எழுதுங்க."

எழுதினேன். 'எண் 1208. பழைய உருவம் தெரிவதாகக் குறை. தேய்த்தவர் மறுக்கிறார்.' உரக்கப் படிக்கச் சொல்லிக் கேட்டுவிட்டுத்தான் போனார். பதினெட்டு வருடப் பதிவேட்டில் அவர் பெயருக்கு எதிரே உள்ள குறை அது ஒன்றுதான். ரவினெல் வேறு படம் எடுத்துத் தருவதாக மெலனுக்கு எழுதினார். பதில் வரவில்லை. அன்செல்ம் மூன்று மாதம் ஒன்பது நாள் என்னோடு பேசவில்லை. கிறிஸ்துமஸ் அன்று ஸெலி சுட்ட கொட்டைகளை ஒரு காகிதத்தில் கட்டிக்கொண்டு வந்து எங்கள் இருவருக்கும் நடுவில் வைத்தாள்.

"ரெண்டு கழுதையும் இங்க வாங்க. சூடு ஆறிடும்."

சாப்பிட்டோம். அதோடு முடிந்தது.

1849 ஜூன் 9-இல் ஸெலி காலராவில் இறந்தாள். இரண்டு நாள்தான். அந்த மாதம் எங்கள் தெருவில் மட்டும் முப்பத்தொரு பேர். அன்செல்ம் ஒரு வாரம் வரவில்லை, எட்டாம் நாள் வந்து தன் கட்டையை எடுத்துக்கொண்டு உட்கார்ந்தார். வீட்டில் 1209-ஐ ஜன்னலுக்கு எதிர்ச் சுவரில் மாட்டியிருந்தார். அவள் முகம் என்று உலகத்தில் இருந்தது அது ஒன்றுதான்.

தகட்டுப் படத்தைக் கண்ணாடியில் மூடி, விளிம்பைக் காகிதப் பட்டையால் ஒட்டித்தான் கொடுப்போம். திறந்திருந்தால் பஞ்சு பட்டாலே உருவம் போய்விடும், வண்ணத்துப்பூச்சி இறகின் தூள் போல அவ்வளவு மெல்லியது. 1852-இல் அன்செல்மின் படத்தில் கண்ணாடி உள்பக்கமாக மங்க ஆரம்பித்தது. கண்ணாடியை மாற்ற வேண்டும். அதைவிட எளிய வேலை அவருக்குக் கிடையாது. அக்டோபர் 3, ஞாயிறு மதியம், ஜன்னலோரம் உட்கார்ந்து பட்டையை அறுத்தார். இடது கையில் தகடு. வலது கையில், புதுக் கண்ணாடியைத் துடைக்க, பொடியும் சாராயமும் தொட்ட பஞ்சு. அந்த நேரம் கட்டடத்து வாசலைப் பார்த்துக்கொள்ளும் மதாம் திசோ கதவைத் தட்டிக்கொண்டு உள்ளே வந்தாள். முற்றத்துத் தண்ணீர்ப் பம்பு உடைந்துவிட்டது, மூன்றாம் மாடிக்காரன்தான் உடைத்தான் என்று ஆரம்பித்தாள். அன்செல்ம் அவளைப் பார்த்துப் பதில் சொல்லிக்கொண்டிருந்தார்.

"நான் எண்ணிட்டிருந்தேன், எண்ணுக்காரரே" என்று மறுநாள் என்னிடம் சொன்னார். "அந்தம்மா பேசிட்டே இருந்தா. எனக்குள்ள யாரோ அறுபத்தி நாலுன்னு சொன்னாங்க. என்னத்த எண்றேன்னு குனிஞ்சு பார்த்தேன்."

இடது கையில் தகடு இருந்தால் வலது கை என்ன செய்ய வேண்டும் என்று அந்தக் கைக்குத் தெரியும். பல ஆயிரம் தகடுகளில் செய்ததைத்தான் இதிலும் செய்தது.

திங்கட்கிழமை காலை வந்ததும் தகட்டை என் மேசையில் வைத்தார். நன்றாக மெருகேறியிருந்தது. அதில் என் முகம் தெரிந்தது.

"இதுல யாருன்னு எழுதி வெச்சிருக்கீங்களா?"

"மதாம் கூத்ரி. 1845 மார்ச் 11."

"இப்ப யாரும் இல்ல" என்றார்.

ரவினெல் அதை ஒருமுறை பாதரசப் புகையில் காட்டிப் பார்த்தார். ஒன்றும் எழவில்லை. அன்று முழுவதும் அவர் வாடிக்கையாளர்களிடம் சரியாகப் பேசவில்லை. சாயங்காலம் அன்செல்மைக் கூப்பிட்டார்.

"அந்தத் தகட்டைக் கொடு. பின்பக்கச் செம்புல பூண்டு தேய்ச்சுக் கொண்டா. நான் வரையறேன். மதாம் முகம் எனக்கு மறக்கல."

"உங்க கை நல்ல கைதான், மொஸ்யு. ஆனா அது நீங்க பார்த்த ஸெலி. அன்னிக்கு அவ அந்த நாற்காலியில உட்காந்திருந்தா. அவமேல பட்ட வெளிச்சம் அப்படியே வந்து இதுமேல விழுந்துச்சு. வரைஞ்சா அது எப்படி விழும்?"

ரவினெல் வாசல்வரை நடந்தார். வாசலில் இருந்த தேவதூதனைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தார்.

அவர்கள் போன பிறகு, 1209-இன் உருவம் அழிந்ததைக் குறிப்பதற்காக 1845-ஆம் ஆண்டுப் பதிவேட்டை எடுத்தேன். 1209-க்கு மேல் வரியில் 1208 இருந்தது. மதாம் கூத்ரி. கெட்டது, அசைந்தார். மார்ச் 14, மறுமெருகு, அன்செல்ம். ஏப்ரல் 22, மொஸ்யு வெர்னே, மெலன். கொடுத்தாயிற்று.

குறைகளை எழுதும் பக்கம் வேறு. அதில் தகட்டின் எண் மட்டும் எழுதுவோம், முன்பு அதில் யார் இருந்தார் என்று எழுதும் வழக்கம் இல்லை. ஆகவே ஏழு வருடமாக நான் இந்த இரண்டு பக்கங்களையும் சேர்த்துப் பார்த்ததே கிடையாது. கத்திக்காரரின் தோளில் தெரிந்த கை யாருடையதாக இருக்க முடியும் என்று அப்போதுதான் உறைத்தது.

உடனே போய்ச் சொல்லவில்லை. இரவெல்லாம் யோசித்தேன். இல்லாத ஒன்றைக் காட்டி ஆசை மூட்டக் கூடாது. தவிர, இந்த விஷயத்தில்தானே அவர் என்னோடு பேசாமல் இருந்தார். செவ்வாய்க்கிழமை பதிவேட்டையே அவர் முன்னால் விரித்து வைத்தேன். எழுத்துக் கூட்டித்தான் படிப்பார். விரலை வைத்து இரண்டு பக்கத்தையும் படித்தார்.

"அன்னிக்கு நான் மறுத்தேனே."

"மறுத்தீங்க."

"எழுதியிருக்கு?"

"எழுதியிருக்கு."

"அது பொய்யா இருக்கணும்" என்றார். "நான் மறுத்தது பொய்யா இருக்கணும், எண்ணுக்காரரே."

மெலனுக்கு எழுதினேன். நான்காம் நாள் பதில் வந்தது, மதாம் வெர்னேயிடமிருந்து. கணவர் இரண்டு வருடம் முன்பு இறந்துவிட்டார். படம் தன்னிடம் இருக்கிறது. விற்பதற்கு இல்லை. ஞாயிறு பூசை முடிந்தபின் வரலாம்.

அக்டோபர் 17, காலை வண்டி. அன்செல்ம் கல்யாணக் கோட்டைப் போட்டுக்கொண்டு வந்தார். 1209-ஐக் கைக்குட்டையில் சுற்றி மடியில் வைத்திருந்தார்.

"பாதரசக் கறையா இருந்தா?" என்றார் பாதி வழியில்.

"போய்ப் பார்த்தாத்தானே தெரியும்."

"நான் ஒழுங்கா தேய்ச்சிருந்தா கறைதான். வேற எதுவும் இருக்காது." கொஞ்ச நேரம் கழித்து, "என் பொழப்புல ஒரே ஒரு தகட்டை மோசமா தேய்ச்சிருந்தாப் போதும். ஒண்ணே ஒண்ணு."

வெர்னேயின் கடை ஆற்றின் நடுத்தீவில் இருந்தது. வீடு கடைக்குப் பின்னால். மதாம் வெர்னே கனத்த உடம்பு, கணீரென்ற குரல். எங்களைச் சமையலறையிலேயே உட்கார வைத்தாள். சுவர் நிறையச் செம்புப் பாத்திரங்கள், எல்லாம் கறுத்துப்போய்.

"சரி, நீங்கதான் அந்தக் கையோட ஆளுங்களா?" என்றாள். "மொதல்ல சொல்லுங்க. யார் அவ?"

நான் பதிவேட்டில் இருந்தபடி வரிசையாகச் சொன்னேன். அவள் இடுப்பில் கையை வைத்துக்கொண்டு கேட்டாள்.

"அவரோட மொத பொண்டாட்டி இல்லையா?"

"இல்ல, மதாம். உங்க வீட்டுக்காரர் அந்தம்மாவைப் பார்த்ததே கிடையாது."

"அய்யோ." நாற்காலியை இழுத்து உட்கார்ந்தாள். "அஞ்சு வருஷம்! செத்தவ வந்து அவர் தோள்ல கை போட்டுட்டு நிக்கறான்னு நெனச்சு அஞ்சு வருஷம் அந்த மனுஷனைப் படுத்தினேன். சூப்புல உப்பு ஜாஸ்தின்னா, 'போய் அவகிட்ட கேளுங்க'ன்னுவேன். உங்க ஆளு வேற, மறுபடி படம் எடுக்க வாங்கன்னு எழுதறாரு. அந்தக் கை இருக்கற ஊருக்கு நான் அனுப்புவேனா?"

"படத்தை..." என்று அன்செல்ம் ஆரம்பித்தார்.

அவள் உள்ளே போய்க் கொண்டுவந்து அவரிடம் நீட்டினாள். அன்செல்ம் ஜன்னலுக்குப் போனார். நேராகப் பிடித்தபோது கத்திக்காரர் தெரிந்தார், அடர்ந்த மீசை, பயந்த கண்கள். சாய்த்தபோது மீசையும் கண்ணும் இருண்டு வெறும் கண்ணாடியாயிற்று. இன்னும் ஒரு நூல் சாய்த்தார். நான் அவர் தோளுக்குப் பின்னாலிருந்து பார்த்தேன்.

கறை அல்ல. கத்திக்காரரின் தோளின்மேல், மூச்சு படிந்தது போல மெலிதாக, சால்வையின் ஒரு மடிப்பு. அதைப் பிடித்திருக்கும் நான்கு விரல்கள். தகட்டில் இடதும் வலதும் மாறித் தெரியும், கண்ணாடியில் போல. ஆகவே அது பார்ப்பதற்கு வலது கை. அதன் ஆள்காட்டி விரல் நுனி உள்நோக்கி வளைந்திருந்தது. முகம் இருக்க வேண்டிய இடத்தில் எதுவும் இல்லை.

அன்செல்ம் அந்தக் கோணத்திலேயே தகட்டைப் பிடித்துக்கொண்டார்.

"மோசமான தேய்ப்பு" என்றார். பிறகு, "ரொம்ப மோசமான தேய்ப்பு." மதாம் வெர்னே என்னைப் பார்த்தாள்.

"தேய்ச்சது இவரா?"

"இவர்தான்."

"அப்ப என் வீட்டுச் சண்டைக்கெல்லாம் இந்த மனுஷன்தான் காரணம்!"

சொல்லிவிட்டுச் சிரித்தாள். அன்செல்மும் சிரித்தார், கண்ணைத் துடைத்துக்கொண்டே. அவள் சிரிப்பு சீக்கிரம் நின்றுவிட்டது. "அவர்கிட்ட ஒரு வார்த்தை சொல்லணுமே. இனி எங்க போய்ச் சொல்றது" என்று அடுப்பின் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

அன்செல்ம் படத்தைக் கேட்கவில்லை. கேட்பதற்கு முன்பே அவள் பதில் சொன்னாள்.

"தர மாட்டேன். கை உங்களோடது. தோள் என்னோடது. வேணும்னா வருஷத்துக்கு ஒருதரம் வந்து பாருங்க. சும்மா வராதீங்க. தேய்க்கறவர்தானே, என் பாத்திரமெல்லாம் கரி பிடிச்சுக் கெடக்கு."

திரும்பும் வண்டியில் அன்செல்ம் தானாகவே சொன்னார்.

"அன்னிக்கு எனக்குத் தெரியும், எண்ணுக்காரரே. தேய்ப்புப் பெட்டியைத் தொறந்தா மேலாப்ல அவ. மூஞ்சி வெறும் பொகை. ஆனா சிரிக்கறது எனக்குத் தெரிஞ்சுது. பொகையைத் தேய்ச்சேன். கைகிட்ட வந்தப்ப எண்ணிக்கை விட்டுப்போச்சு. மொதல்லேர்ந்து தொடங்கியிருக்கணும். தொடங்கல. மான்தோல் போட்டு மேலாக்க மெருகேத்தி வெச்சுட்டேன்."

"அதான் அவ்வளவு கோவமா?"

"அதான்." ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருந்தார். "மறுக்கிறார்னு இருக்கே, அதை மாத்துங்க. இன்னொண்ணு. அசைந்தார்னு ஏன் எழுதினீங்க? அவ சிரிச்சா."

"அசைந்தார்னு எழுதறதுதான் வழக்கம்."

"வழக்கம் இருக்கட்டும். அவ சிரிச்சா."

நான் எழுதியதை அடிப்பதில்லை. மறுநாள், அக்டோபர் 18, பழைய வரிகளுக்குக் கீழே சிவப்பு மையில் சேர்த்தேன். '1208: அசையவில்லை, சிரித்தார்.' குறைப் பக்கத்தில்: 'தேய்த்தவர் ஒப்புக்கொள்கிறார்.' அன்செல்ம் உரக்கப் படிக்கச் சொன்னார். படித்தேன். இன்னொருமுறை படிக்கச் சொன்னார்.

அதிலிருந்து ஒவ்வொரு அக்டோபரிலும் மூன்றாம் ஞாயிறு மெலனுக்குப் போனார். நானும் கூடப் போனேன். 1870-இல் மட்டும் பிரஷ்யப் படை எங்கள் ஊரை முற்றுகையிட்டிருந்ததால் போக முடியவில்லை. மொத்தம் இருபது முறை. முதலில் ஜன்னலோரம் நின்று படத்தைப் பார்ப்பார், பிறகு கோட்டைக் கழற்றி மாட்டிவிட்டுப் பாத்திரம் தேய்ப்பார். மதாம் வெர்னே அடுப்பருகே நின்றுகொண்டு, வாணலியின் அடியில் தன் முகம் கோணலாகத் தெரிகிறது, சரியாகத் தேய்க்கவில்லை என்று வம்புக்கு இழுப்பாள். சாப்பிட ஊர்ப் பாலாடைக்கட்டியும் முயல் குழம்பும். மற்ற நாட்களில் அவர் சட்டைப்பையில் 1209 இருந்தது. பேசும்போதும் நடக்கும்போதும் கட்டைவிரல் அதன் நடுவிலேயே இருக்கும். எண்ணாமல் தேய்த்த தேய்ப்பு அது ஒன்றுதான். வெள்ளி போய்ச் செம்பு தெரிய ஆரம்பித்தது எந்த ஆண்டு என்று நான் குறித்து வைக்காமல் விட்டுவிட்டேன்.

கடைசியாகப் போனது 1872 அக்டோபர் 20. அவருக்கு அப்போது கண்ணில் புரை. எதிரே நிற்கிறவர் யார் என்று குரலை வைத்துத்தான் சொல்வார். நான்கு மாதத்தில், பிப்ரவரி 22-இல், தூக்கத்தில் இறந்துவிட்டார். அந்தக் கடைசி அக்டோபர் ஞாயிறன்று மெலனில் மதாம் வெர்னே வழக்கம்போலப் படத்தை எடுத்து அவர் கையில் கொடுத்தாள். அவர் வழக்கம்போல ஜன்னலுக்குப் போய் நின்றார். நேராகப் பிடித்தார். சாய்த்தார். இன்னும் ஒரு நூல் சாய்த்தார். கோணம் மிகச் சரி, நான் பின்னாலிருந்து பார்த்தேன், விரல்கள் நான்கும் தெரிந்தன. அவருக்குத் தெரியவில்லை.

"மதாம்" என்றார், தகட்டிலிருந்து முகத்தை எடுக்காமல். "இருக்கா?"

"இருக்கு" என்றாள் அவள், அடுப்பை விட்டு வந்து அவர் பக்கத்தில் நின்று. "அப்படியேதான் இருக்கு. எங்க, அவர் தோளை விட்டுக் கையை எடுத்தாத்தானே."